பங்களாவுக்கு எது முன்வாசல்?

பதுளையில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் என் சிவப்புப் பேனாவுக்குத் தனி மரியாதை உண்டு. கணக்குக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளைகள் புள்ளியைக்கூடப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் தேடுவது ஓரத்தில் நான் எழுதியிருக்கும் குறிப்பை. "விடை சரி, வழி எங்கே?" என்பது நான் அதிகம் எழுதுவது. வழி காட்டாத விடைக்கு என்னிடம் அரைப் புள்ளிதான். அழுதாலும் அரைதான்.

இப்படி இருபது வருடமாக ஊரார் பிள்ளைகளைத் திருத்திக்கொண்டிருந்த என்னை, நாற்பத்தைந்து வயதில், முகம் தெரியாத இரண்டு பேர் சேர்ந்து திருத்தினார்கள். நான் ஆசையாசையாக எழுதிய கட்டுரையின் ஓரத்தில் "சான்று எங்கே?" என்று கேட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தின் கதைதான் இது.

எல்லாம் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளால் வந்த வினை. நம் பிரதேசத்தின் பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று வரலாற்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். முப்பது பிள்ளைகளில் பதினொரு பேர் ஒரே இரண்டு வரியை எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஊவா மாகாணத்தில் உள்ள பழைய பங்களா, தற்போது சுற்றுலா விடுதி. அவ்வளவுதான். இணையத்தில், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இருக்கும் அந்தத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் இருந்து எடுத்தது. ஆசிரியர் அறையில் அந்தக் கொப்பிகளை எட்டிப் பார்த்த எனக்குச் சுருக்கென்றது. அது எங்கள் தோட்டத்துப் பங்களா. மடுல்சீமைப் பக்கம், அந்தப் பங்களாவுக்குக் கீழே, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள் நான். இரண்டு வரியா?

அன்று சாயந்தரமே அந்தக் கலைக்களஞ்சியத்தில் கணக்கு ஒன்று திறந்து எழுத உட்கார்ந்தேன். எனக்குத் துணை அம்மா. அம்மா அந்தத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்தெடுத்தவர். இப்போது என்னோடு பதுளையில் இருக்கிறார். சமதரையில் நடந்தால் கால் வலிக்கிறது என்று தினமும் ஒரு தடவை முறைப்பாடு செய்வார். மற்றபடி சுகம். நான் கணினியில் தட்ட, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து போஞ்சிக்கு நார் எடுத்துக்கொண்டே தகவல் சொல்வார்.

"எழுது. கல்லுச் செவுரு. நாலு பொகக்கூண்டு. மொத வாசல எழுதுடி, வாசல எழுதாம வீட்டுக்குள்ள போற!"

வாசலை எழுதினேன். வீடு கிழக்கு நோக்கியது. முன்வாசலுக்கு ஐந்து கருங்கல் படிகள். பச்சைக் கதவு, அதில் ஒரு கண்ணாடி. முன்முற்றத்தில் பெரிய டர்ப்பன்டைன் மரம். இவை எல்லாம் எங்கள் இருவருக்கும் கண்ணை மூடினால் தெரிபவை. லீவு வேண்டும் என்றாலும், கூரை ஒழுகுகிறது என்றாலும், ஒரு பெயர் பிழையாகப் பதிந்துவிட்டது என்றாலும் தோட்டத்துச் சனங்கள் லயத்தில் இருந்து குறுக்குப் பாதையில் ஏறி அந்த மரத்தடியில் போய் நிற்பார்கள். பச்சைக் கதவு திறக்கும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை படியில் வந்து நின்று கேட்பார். நானே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை நின்றிருக்கிறேன்.

பிறகு அம்மா அந்த வாக்கியத்தைச் சொன்னார். கட்டுரையே அதற்காகத்தான் என்பது போல, போஞ்சியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். ஆண்டுதோறும் தோட்டத்து மாரியம்மன் தேர் பங்களாவின் முன்வாசலில் வந்து நிற்கும். துரையின் மனைவி வெளியே வந்து தேரை வரவேற்பார்.

இது ஏன் அம்மாவுக்கு அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்து, பிழைப்பேனா என்று இருந்ததாம். அம்மா தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். அந்த வருடத் திருவிழாவில் தேருக்கு முன்னால் தீச்சட்டியோடு பங்களாவுக்கு ஏறினார். தேர் முற்றத்தில் நின்றது. பச்சைக் கதவு திறந்து துரைசாணி வெள்ளைக் கவுனோடு வந்தார். அம்மாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். அம்மா மூன்றாவது படி வரைக்கும் ஏறினார். பிள்ளைக்கு எத்தனை வயது என்று துரைசாணி சைகையில் கேட்க, ஒரு கையில் சட்டியைத் தாங்கிக்கொண்டு மற்றக் கையில் இரண்டு விரலைக் காட்டினாராம் அம்மா. "முன்வாசல்ல, மூணாவது படியில நின்னேன்" என்று அம்மா இதைச் சொல்லி நான் இருநூறு தடவையாவது கேட்டிருப்பேன். கல்யாணத்தைப் பற்றிக்கூட அம்மா இவ்வளவு பேசியதில்லை.

கட்டுரை வளர்ந்து ஆளானது. வாரம் ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து அந்தக் கலைக்களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் போடுவார்கள். அதற்கு என் கட்டுரையை நானே முன்மொழிந்தேன். தன்னடக்கம் எனக்கு வராது. முன்மொழிந்தால் சம்பளம் வாங்காத தொகுப்பாளர்கள் வந்து கட்டுரையைப் பரிசோதிப்பார்கள். எனக்கு இரண்டு பேர் வாய்த்தார்கள். அவர்கள் உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஒருவர் சான்று அக்கா. மட்டக்களப்புக்காரர் என்று தன் பக்கத்தில் எழுதியிருந்தார். எந்த வாக்கியத்தைப் பார்த்தாலும் சான்று கேட்பார். இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவருக்கு அளவுகோல் ஐயா என்று வைத்தேன்.

சான்று அக்கா வந்த வேகத்தில் அம்மாவின் வாக்கியத்தில் கை வைத்தார். தேர் வந்து நிற்பதற்கு நூலோ, செய்தியோ, ஆவணமோ ஏதாவது உண்டா, சொந்த நினைவைச் சான்றாக ஏற்க முடியாது, பத்து நாளில் சான்று தரப்படாவிட்டால் வாக்கியம் நீக்கப்படும் என்று கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதினார்.

"சான்று என் பக்கத்தில் உட்கார்ந்து போஞ்சிக்கு நார் எடுத்துக்கொண்டிருக்கிறது" என்று பதில் எழுதினேன்.

அவர் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டு, அதன் கீழே விதியின் இணைப்பையும் போட்டார். மசிகிற ஆளில்லை. என்னைப் போலவே ஒருத்தி என்று தெரிந்ததும் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

அடுத்த நாள் அளவுகோல் ஐயா வந்தார். மிகப் பணிவாக எழுதினார். பணிவாக எழுதுகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வீடு கிழக்கு நோக்கியது என்று கட்டுரை சொல்கிறது. ஆனால் செயற்கைக்கோள் படத்திலும் விடுதியார் வெளியிட்டுள்ள படங்களிலும் தாழ்வாரம், புல்வெளி, வண்டிப் பாதை எல்லாம் மேற்கே இருக்கின்றன. கிழக்கே தெரிவது ஒரு தகரக் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும். எழுதியவர் இந்த வீட்டை நேரில் பார்த்திருக்கிறாரா என்று அறிய விரும்புகிறேன்.

நேரில் பார்த்திருக்கிறாராமா! நான் கத்திய கத்தில் அம்மா சமையலறையில் இருந்து ஓடி வந்தார். வாசித்துக் காட்டினேன்.

"யாருடி இந்த ஆளு? எந்த ஊரு?"

"இந்தியாக்காரர்மா. திருநெல்வேலிப் பக்கம்."

"அதானே பாத்தேன். அங்கருந்து பாத்தா அப்பிடித்தான் திரும்பித் தெரியும்" என்றார் அம்மா. விஷயம் முடிந்தது என்பது போலச் சமையலறைக்குப் போய்விட்டார்.

நான் நீளமாகப் பதில் எழுதினேன். அந்த வீட்டுக்குக் கீழே பிறந்தவள் நான், தினமும் சூரியன் அந்த வீட்டுக்குப் பின்னால் மறைவதைப் பார்த்து வளர்ந்தவள் என்று எழுதினேன். அத்தோடு விட்டிருக்கலாம். தாழ்வாரமும் புல்வெளியும் விடுதிக்காரர்கள் அண்மையில் பின்பக்கத்தில் சேர்த்துக் கட்டியவை என்று ஒரே போடாகப் போட்டேன். அதற்கு என்னிடம் ஒரு சான்றும் கிடையாது. எனக்கு அது தெரியாமல் இருக்க முடியாது என்பதுதான் சான்று. பழைய நில வரைபடத்திலும் வண்டிப் பாதை மேற்கேதான் வருகிறது, நீங்கள் அருகில் இருப்பதால் இருபக்கமும் படம் எடுத்துத் தந்தால் கட்டுரைக்கு நல்லது என்று அவர் எழுதினார். மறுபடியும் அதே பணிவு.

எடுத்துக் காட்டுகிறேன் ஐயா என்று பல்லைக் கடித்துக்கொண்டு விடுதிக்குத் தொலைபேசி எடுத்தேன். மனேஜர் ஒரு சிங்கள இளைஞர். நல்ல மனிதர். சனிக்கிழமை வாங்க மிஸ், படம் எடுங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்றார். அம்மாவிடம் சொன்னதும் அலுமாரியில் இருந்து மஞ்சள் கரை போட்ட புடவை வெளியே வந்தது. வேலையை விட்டு வந்த பிறகு அம்மா பங்களாவுக்குப் போகவில்லை. பத்து நாளில் நான்கு நாள் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

பஸ்ஸில் பசறைக்குப் போய், அங்கிருந்து மடுல்சீமை பஸ் பிடித்து, கடைசியில் ஓர் ஆட்டோ. பாதை இருக்கும் இலட்சணத்துக்கு அம்மாவின் கொண்டை இரண்டு தடவை அவிழ்ந்தது. ஆட்டோக்காரர் பங்களா ரோட்டில் திருப்பப் பார்த்தார். அம்மா அவர் தோளில் தட்டினார்.

"தம்பி, கோயிலடியில நிப்பாட்டுங்க. நாங்க குறுக்குப் பாதையில ஏறிப் போறோம். பங்களாவுக்கு அப்பிடித்தான் போகணும்."

நானும் மறுக்கவில்லை. எனக்கும் பங்களாவுக்கு அப்படித்தான் போகத் தெரியும். கோயிலில் கும்பிட்டு, லயத்தில் ஐந்தாறு வீட்டில் நலம் விசாரித்து, இரண்டு வீட்டில் தேத்தண்ணி குடித்து, குறுக்குப் பாதையில் ஏறினோம். அம்மாவுக்கு ஏற்றத்தில் கால் வலிக்கவில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. டர்ப்பன்டைன் மரம் அப்படியே இருந்தது. ஐந்து படிகளும் இருந்தன. பச்சைக் கதவுக்கு இப்போது வெள்ளை அடித்து வலைக்கதவு போட்டிருந்தார்கள். முற்றத்தில் கொடி கட்டி விரிப்புகள் காய்ந்தன. சுவரோரம் காஸ் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. படியில் உட்கார்ந்து நடுவயதுச் சமையல்காரர் ஒருவர் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். பேச்சில் அவரும் ஏதோ தோட்டத்துக்காரர் என்று தெரிந்தது.

"படம் எடுடி, முன்வாசல எடு" என்றார் அம்மா. நான் கைத்தொலைபேசியை உயர்த்தினேன்.

சமையல்காரர் எழுந்து நின்றார். "அம்மா, இது குசினிங்க, சமைக்கிற எடம். மனேஜர் சொன்ன டீச்சர்தானே நீங்க? முன்னால வாங்க, முன்னால."

"முன்னாலதானே வந்துருக்கோம்" என்றார் அம்மா.

"இல்லீங்கம்மா. இது பின்பக்கம். அந்தப் பக்கம் வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்." கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு போனோம். அதிகம் போனால் நாற்பது எட்டு இருக்கும். என் வாழ்நாளில் அந்த நாற்பது எட்டை நான் வைத்ததில்லை. அம்மாவும் வைத்ததில்லை. மூலை திரும்பியதும் வெளிச்சம் மாறியது. பெரிய புல்வெளி. அதைச் சுற்றி ரோஜாவும் பெயர் தெரியாத வெள்ளைப் பூவும். தூண்கள் வைத்த நீளத் தாழ்வாரம், அகலமான படி, நடுவில் என்னைப் போல் இரண்டு ஆள் உயரக் கதவு. எதிரே பள்ளத்தாக்கு முழுவதும் திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் நமுனுகுல மலை. வண்டிப் பாதை வளைந்து வளைந்து ஏறி அந்தக் கதவின் முன்னால் வந்து முடிந்தது. தூண்களின் அடியில் படிந்திருந்த பாசியைப் பார்த்தேன். அண்மையில் கட்டியதாம். பேச்சுப் பக்கத்தில் நான் எழுதியதை நினைத்து எனக்குக் காது சூடேறியது.

அம்மா கதவைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். திரும்பி, நாங்கள் வந்த மூலையைப் பார்த்தார்.

"அடியே, இத்தன வருஷமா இந்த வீடு நமக்கு முதுகக் காட்டிகிட்டா நின்னுச்சு?"

நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தார். சமையல்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் மரியாதைக்குச் சிரித்தார். அந்த நேரத்தில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. வண்டிப் பாதையில் கேட்டும் சங்கிலியும் காவலாளியும் உண்டு. அந்தப் பக்கம் எங்களுக்கு என்ன வேலை? பங்களாவுக்குள் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்தான். ஆனால் லயத்துக்கு வந்தால் அவர்களும் மரத்தடியை முன்வாசல் என்றுதான் சொல்லியிருப்பார்கள். யாரும் எங்களை ஏமாற்றவில்லை. யாரும் எங்களிடம் சொல்லவும் இல்லை.

மனேஜர் எங்களைத் தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தார். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தேத்தண்ணி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு என் காதில், "நம்ம மலைக் கொழுந்து இல்ல இது, கடையில வாங்குனது" என்றார். நான் படங்கள் எடுத்தேன். பிறகு மனேஜர், பழைய போட்டோ எல்லாம் உள்ளே மாட்டியிருக்கிறோம், பாருங்க மிஸ் என்று கூட்டிப் போனார். அந்தப் பெரிய கதவு வழியாக.

நடையின் இருபுறமும் கறுப்பு வெள்ளைப் படங்கள். குதிரையோடு துரை. நாயோடு துரை. கொழுந்து நிறுக்கும் மடுவம். கடைசியில் இருந்த படத்தின் முன்னால் அம்மா நின்றுவிட்டார். டர்ப்பன்டைன் மரம், சின்ன மரமாக. அதன் கீழே பூவும் குருத்தோலையும் கட்டிய தேர். தேருக்குள் மாரியம்மன். சுற்றிலும் தலைகள், தலைப்பாகைகள், தப்பு அடிக்கிறவர்கள், தீச்சட்டிகள். சட்டத்தின் அடியில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள். தோட்டத்துத் திருவிழா, குசினி முற்றம்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன். சான்று கிடைத்துவிட்டதே! சான்று அக்காவின் வாயை அடைக்கலாமே! படத்தைப் படம் பிடித்தேன். அம்மா பார்க்கட்டும் என்று அடியில் இருந்ததை உற்சாகமாக வாசித்து, தமிழில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

"குசினி முத்தம்னா போட்டுருக்கு?"

"ஆமாம்மா."

"அவங்களுக்குத் தெரியும்ல? இது பின்பக்கம்னு அவங்களுக்குத் தெரியும்ல?"

அம்மா கண்ணாடிக்குக் கிட்டே போய் அம்மனைப் பார்த்தார். "அலங்காரம் நல்லாருக்கு. இது நான் பொறக்குறதுக்கு முந்தியா இருக்கும்" என்றார். பிறகு மெதுவாக, "ஆத்தாளையும் குசினிப் பக்கம்தான் நிப்பாட்டிருக்கோம்" என்றார்.

மனேஜர் பாவம், பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. செத்துப்போன துரை மேல் கோபப்பட்டு என்ன செய்ய? புல் மிதிபட்டுவிடும் என்று நினைத்திருக்கலாம். ஒன்றுமே நினைக்காமலும் இருந்திருக்கலாம். அந்த வாசலுக்குச் சாமியைக் கொண்டுபோக வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் பாதை வெட்டிச் செப்பனிட்டவர்கள் எங்கள் ஆட்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

திரும்பும்போது அம்மா குறுக்குப் பாதைக்குப் போகவில்லை. வண்டிப் பாதையில் இறங்குவோம் என்றார். கேட்டைத் தாண்டும்போது சங்கிலியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பஸ் பசறையை நெருங்கியது. நான்தான் ஆரம்பித்தேன்.

"அந்த வாக்கியத்த எடுத்துருவோமாம்மா?"

"ஏன் எடுக்கணும்?"

"முன்வாசல்னு எழுத முடியாதும்மா. பின்வாசல்னு எழுதணும்."

"எழுது. எடுத்தீன்னா தேரு வரலன்னு ஆயிரும். தேரு வந்துச்சு. நான் நின்னேன்."

வீட்டுக்கு வந்து எழுதினேன். வீடு மேற்கு நோக்கியது என்று மாற்றினேன். தாழ்வாரம் பற்றி நான் விட்ட கதைக்கு அளவுகோல் ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏன் அந்தத் தவறு வந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன். தேர் வாக்கியத்தில் 'முன்வாசலில்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பின்வாசலில்' என்று போட்டேன். ஒரு சொல்தான். அதைத் தட்டிவிட்டு முகம் கழுவப் போனேன். சான்று அக்கா சுவரில் மாட்டிய படத்தைச் சான்றாக ஏற்றுக்கொண்டார். அளவுகோல் ஐயா இரண்டு நாள் கழித்து வந்து எழுதினார். வண்டிப் பாதை எங்கே வந்து முடிகிறதோ அதையே முன்பக்கம் என்று வாழ்நாள் முழுக்கக் குறித்துவந்தேன். நடந்து வருகிறவர்களுக்கு எது முன்பக்கம் என்று ஒரு வீட்டில்கூடக் கேட்டதில்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தார். அவர் மேல் இருந்த கோபம் அதோடு போனது.

கட்டுரை முதற்பக்கத்தில் வந்தது. பாடசாலையில் அதிபர் ஒன்றுகூடலில் வாசித்தார். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையில் பயத்தோடு கொஞ்சம் பாசமும் இருந்தது.

அதன் பிறகுதான் வேடிக்கை தொடங்கியது. யாரோ வந்து 'பின்வாசலில்' என்பதை 'முன்வாசலில்' என்று மாற்றிவிட்டுப் போனார்கள். கணக்குத் திறக்காமல் வருகிறவர்களுக்குப் பெயர் இருக்காது, ஒரு நீள எண் மட்டும் இருக்கும். விஷமம் என்று சான்று அக்கா அதைப் பழையபடி திருப்பிவிட்டார். மூன்றாம் நாள் வேறோர் எண். அதை நானே திருப்பினேன். அடுத்த வாரம் இன்னொன்று. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று அளவுகோல் ஐயா பார்த்துச் சொன்னார். ஒன்று கொழும்பு. ஒன்று கத்தார். மற்றது கோயம்புத்தூர்ப் பக்கம். கத்தார்க்காரர் மட்டும் மாற்றியதற்குக் காரணம் எழுதியிருந்தார். நான் அங்கே பிறந்தவன், அதுதான் முன்வாசல், தயவுசெய்து மாற்ற வேண்டாம்.

யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவரும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றிருப்பார். அதையும் திருப்பினேன். உண்மை உண்மைதானே, நான் கணக்கு டீச்சர். திருப்புவதற்கு அழுத்தும்போதெல்லாம் அம்மனை நான் என் கையாலேயே குசினிப் பக்கம் தள்ளுவது போல் இருந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா கவனித்துவிட்டார். என்னவென்று கேட்டார். சொன்னேன். சான்று அக்கா பக்கத்தைப் பூட்டச் சொல்கிறார், பூட்டிவிட்டால் யாரும் மாற்ற முடியாது என்றும் சொன்னேன்.

அம்மா யோசிக்கக்கூட இல்லை. "அதுக்கு எதுக்குப் பூட்டு? முன்வாசல்னும் எழுதாத, பின்வாசல்னும் எழுதாத. லயத்தப் பாத்த வாசல்னு எழுது. அது லயத்தத்தானே பாத்துச்சு? அதுல பொய் இல்லையே?"

"இல்லம்மா."

"அப்ப எழுது."

எழுதினேன். இந்த வீட்டுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று பள்ளத்தாக்கை நோக்கியது, மற்றது லயங்களை நோக்கியது. ஆண்டுதோறும் தோட்டத்து மாரியம்மன் தேர் லயங்களை நோக்கிய வாசலில் வந்து நிற்கும். அளவுகோல் ஐயா திசையைச் சரிபார்த்துவிட்டு, மிகச் சரி என்றார். சான்று அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் விட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

இரண்டு வாரம் பார்த்தேன். யாரும் மாற்றவில்லை. கொழும்பும் வரவில்லை, கோயம்புத்தூரும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சுப் பக்கத்தின் அடியில், அதே கத்தார் எண் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தது. "இப்போது சரி."

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா போஞ்சியை வைத்துவிட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"யாரு பெத்த புள்ளையோ. அவ்வளவு தூரத்துல தனியாக் கெடக்குறான். சாப்புட்டானான்னு கேளு."

"அதெல்லாம் அங்க கேக்கக் கூடாதும்மா. கட்டுரையைப் பத்தி மட்டும்தான் எழுதணும்."

"கேளுடி."

கேட்டு எழுதினேன். சொந்த விஷயம் என்று சான்று அக்கா நீக்கிவிடுவார் என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நீக்கவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்திருந்தது. சாப்பிட்டேன், நீங்கள் எந்த லயம் என்று கேட்டிருந்தார்.